உச்சந்தலைச் சொட்டையும் வலது தோள்வலியும்

உச்சந்தலையில் எட்டணா அளவுக்கு முடி இல்லை. புழுவெட்டு என்று நினைத்து இரண்டு மாதம் சின்ன வெங்காயச் சாறு தேய்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். அப்புறம் ஒரு களிம்பு, அதுவும் பலிக்கவில்லை.

தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். புழுவெட்டு என்றால் அந்த இடம் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். எனக்கோ ஒடிந்த முடிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். "படிக்கும்போது கை எங்கே இருக்கும்?" என்றார். மாதக்கணக்கான வலது தோள்வலிக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. கையைத் தூக்கியபடியே, என்னை அறியாமல் பிடுங்கியிருக்கிறேன். இதற்கு ட்ரைக்கோட்டிலோமேனியா என்று பெயர்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டினேன். முடி பிடிபடாது, கை மேலே போனதும் தெரிந்துவிடும். உடனே ஒரு நிமிடம் கையை இறுக மூடிக்கொள்வேன். மூன்றாம் மாதம் குத்துமுடி முளைத்தது, பெரிய நிம்மதி. ஆனால் அது அரிக்கும். அந்த அரிப்பே மறுபடி பிடுங்கத் தூண்டும். அந்த வாரங்களில் பிளாஸ்திரியைக் கழற்றாதீர்கள்.