கட்டாருக்கு ஃபைலோடு வரும் தம்பி, தங்கைமாருக்கு

விடுமுறைக்குக் களுவாஞ்சிகுடிக்கு வந்தால், இரண்டாம் நாளே கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ யாராவது ஒரு இளம் பொறியியலாளர் கட்டார் வேலைக்கான ஃபைலோடு வீட்டுக்கு வந்துவிடுவார். திறந்து பார்த்தால் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே பிழை. கடவுச்சீட்டுக் காலாவதி, மெடிக்கல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விடுகிறேன்.

பெயர்

நம்மிடம் தகப்பன் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் ஒரு முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். அதை ஒருவர் ஆங்கிலமாக்குவார். கடவுச்சீட்டுப் படிவத்தை இன்னொருவர் நிரப்புவார். ஒவ்வொரு கையிலும் எழுத்துக்கூட்டல் மாறும்.

என் அப்பாவின் பெயரில் 'பிள்ளை' இருக்கிறது. கடவுச்சீட்டில் அதற்கு இரண்டு 'எல்', பட்டச் சான்றிதழில் ஒன்று. பட்டமளிப்புப் படிவத்தை நிரப்பியது நான்தான். "ஒரு எழுத்துத்தானே மனே" என்றார் அப்பா. சமாதான நீதவானிடம் இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி வாங்கிக்கொண்டு போனேன். ஊர் வங்கியில் செல்லுபடியான அந்தக் கடதாசியை டோகாவில் என் கம்பெனி ஏற்கவில்லை. பட்டம் கணக்கில் வராததால் டெக்னீஷியன் விசா, டெக்னீஷியன் சம்பளம், 14 மாதம். கூடப் போனவன் அதே சைட்டில் பொறியியலாளராக நின்றான். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கடவுச்சீட்டையும் பட்டத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அத்தாட்சிப்படுத்துவதற்கு முன்பே திருத்துங்கள். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, அப்புறம் கொழும்பிலுள்ள கட்டார் தூதரகம் என்று முத்திரைகள் விழுந்தபிறகு திருத்தினால், புதுச் சான்றிதழோடு முதலிலிருந்து நடக்க வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் மூன்று தடவை போய்வந்தவன் சொல்கிறேன். இறுதி வருடத்தில் இருப்பவர்களே, உங்களுக்கு இது இன்னும் லேசு: பட்டமளிப்புப் படிவத்தைக் கடவுச்சீட்டைப் பார்த்து நிரப்புங்கள்.

மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்ப்பது

கட்டார் சட்டப்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு வேலை விட்டு வரும்போது வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும். வீட்டுப்படியும் போக்குவரத்துப்படியும் இந்தக் கணக்கில் சேராது. மொத்தம் 8000 ரியாலில் அடிப்படை 3000 என்றால் வருடத்துக்குச் சுமார் 2100 ரியால். அடிப்படை 6000 என்றால் 4200. கையெழுத்துப் போடுவதற்கு முன் அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

விசிட் விசாவில் போய் வேலை விசாவாக மாற்றுவது

வேண்டாம்.

பணியகப் பதிவு

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். பட்டதாரிக்கும் அது உண்டு.