அக்கா பொண்ணு, தம்பி பையன், ஃப்ரெண்டோட குழந்தைன்னு யாரையாவது யூரோப் கூட்டிட்டு போறீங்களா? இதெல்லாம் பாத்துக்கோங்க

நம்ம குழந்தைய கூட்டிட்டு போறதுக்கும் அடுத்தவங்க குழந்தைய கூட்டிட்டு போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்குங்க. நம்ம குழந்தைன்னா ஜுரம் வந்தா என்ன மருந்து, ஐஸ்கிரீம் வாங்கித் தரலாமா வேணாமான்னு அந்த நேரத்துல நாமளே முடிவு பண்ணிக்கலாம். அக்கா பொண்ணா இருந்தாலும் அந்த முடிவு அக்காவோடதும் மாமாவோடதும் தான். அதனால அவங்க கிட்ட கேக்க வேண்டியத எல்லாம் இங்கயே கேட்டு, எழுதி வாங்க வேண்டியத எழுதி வாங்கிட்டு கிளம்பணும், அது பாதி வேலை.

முதல்ல டிக்கெட் பாக்காதீங்க. அப்பா அம்மா ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சு பேசுங்க, அக்கா சரின்னு சொல்லிட்டாங்கன்னு மாமா கிட்ட கேக்காம விட்டுடாதீங்க, ஏன்னா பேப்பர்ல ரெண்டு பேரும் தான் கையெழுத்து போடணும். காசு விஷயத்த வெக்கப்படாம பேசிடுங்க. டிக்கெட் யாரு, விசா இன்சூரன்ஸ் யாரு, குழந்தை அங்க போய் ஒரு பொம்மை கேட்டா எவ்வளவு வரைக்கும் வாங்கித் தரலாம்னு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா சொந்தத்துல பின்னாடி மனஸ்தாபம் வராது. அதோட நான்வெஜ் சாப்பிடலாமா, தண்ணில எறங்கலாமா, கேபிள் கார்ல போலாமா, ஃபோன் எவ்வளவு நேரம், அவ போட்டோவ நீங்க ஸ்டேட்டஸ்ல போடலாமான்னும் கேட்டுடுங்க. குழந்தை கிட்டயும் கேக்கணும், அத நிறைய பேரு மறந்துடுறாங்க. அம்மா இல்லாம ஒரு நாள் கூட தூங்காத குழந்தைய நேரா பாரிஸ் கூட்டிட்டு போனா ரெண்டு பேருக்குமே கஷ்டம், கிளம்புறதுக்கு முன்னாடி சனி ஞாயிறுல உங்க வீட்ல தங்க வச்சு பாருங்க. ராத்திரி எந்திரிச்சு அழுறாளா, பெட்ல போயிடுறாளா, எது சாப்பிட மாட்டேங்குறா எல்லாம் அப்பவே தெரிஞ்சிடும்.

அடுத்து பாஸ்போர்ட். சின்ன பசங்களுக்கு இங்க 5 வருஷத்துக்கு தான் பாஸ்போர்ட் தருவாங்க, கைக்குழந்தையா இருக்கும்போது எடுத்தது எப்பவோ முடிஞ்சிருக்கும், வீட்ல யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஷெங்கன் நாடுகள, அதாவது ஒரே விசால போய் வரக்கூடிய யூரோப் நாடுகள விட்டு வெளிய வர்ற தேதிக்கு அப்புறம் குறைஞ்சது 3 மாசம் வேலிடிட்டி இருக்கணும், ரெண்டு பக்கமாவது காலியா இருக்கணும்.

நம்ம ஊர் பேர் விஷயத்துல கொஞ்சம் கூடுதலா கவனிங்க. குழந்தையோட பேருக்கு பின்னாடி அப்பா பேர் இருக்கும், அக்கா பாஸ்போர்ட்ல தாத்தா பேரோ மாமா பேரோ இருக்கும், உங்க பேர்ல உங்க வீட்டுக்காரர் பேர் இருக்கும். பர்த் சர்டிஃபிகேட்ல வெறும் இனிஷியல் மட்டும் இருக்கும். இதெல்லாம் ஒரே குடும்பம்னு நமக்கு பாத்த உடனே புரியும், விசா ஆபீசருக்கு எப்படி புரியும்? குழந்தையோட பர்த் சர்டிஃபிகேட், உங்களோடதும் அக்காவோடதும் பர்த் சர்டிஃபிகேட்டோ இல்ல ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா அம்மான்னு காட்டுற வேற ஏதாவதோ சேத்து வைங்க. தமிழ்ல மட்டும் இருந்தா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து சான்று வாங்கிக்கோங்க. ஃப்ரெண்டோட குழந்தைன்னா உறவு ப்ரூஃப் ஒண்ணும் இருக்காது, எப்படி பழக்கம், ஏன் கூட்டிட்டு போறீங்கன்னு கவர் லெட்டர்ல நேர்மையா நாலு வரி எழுதுங்க.

இப்ப முக்கியமானது, சம்மதக் கடிதம். ஸ்டாம்ப் பேப்பர்ல டைப் பண்ணி, அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு நோட்டரி கிட்ட அட்டெஸ்ட் பண்ணணும். அதுல குழந்தையோட பேர் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே, பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், அப்பா அம்மாவோட பாஸ்போர்ட் இல்லன்னா ஆதார் நம்பர், ஃபோன் நம்பர், உங்க பேர், பாஸ்போர்ட் நம்பர், உறவு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்தெந்த நாடு, எல்லாம் வரணும். கடைசியா ஒரு பாரா தனியா போடுங்க, அவசரம்னா குழந்தைக்கு வைத்தியம் பாக்க சம்மதம் குடுக்குற அதிகாரம் உங்களுக்கு இருக்குன்னு. இந்த ஒரு பாராவ நிறைய பேர் விட்டுடுறாங்க, ஆனா அங்க ஆஸ்பத்திரில கேக்கலாம். கையெழுத்து பாஸ்போர்ட்ல இருக்குற கையெழுத்து மாதிரியே இருக்கட்டும். நோட்டரி போதுமா, அப்போஸ்டிலும் (வெளிநாட்டுல செல்லுறதுக்காக அரசாங்கம் போடுற அத்தாட்சி முத்திரை) வேணுமான்றது நாட்டுக்கு நாடு மாறும், நீங்க அப்ளை பண்ற நாட்டோட செக்லிஸ்ட்ட வரி விடாம படிங்க. அப்பா துபாய்லயோ சிங்கப்பூர்லயோ வேலை பாத்தாருன்னா அங்க இருக்குற இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி கொரியர்ல வரணும், அதுக்கு நாள் ஆகும்றதால இந்த வேலைய முதல்லயே ஆரம்பிச்சிடுங்க. ஒருத்தர் இல்லன்னா டெத் சர்டிஃபிகேட், பிரிஞ்சிருந்தா குழந்தை யார் பொறுப்புன்னு கோர்ட் போட்ட ஆர்டர். ஒரிஜினலே ரெண்டு மூணு செட் வாங்கி வச்சிக்கிட்டீங்கன்னா விசாக்கு ஒண்ணு போனாலும் கைல ஒண்ணு இருக்கும்.

விசா எந்த நாட்டுக்கு அப்ளை பண்ணணும்னா எங்க அதிக நாள் தங்குறீங்களோ அங்க, சமமா இருந்தா முதல்ல எறங்குற நாடு. 6 மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணலாம், கடைசி 15 நாளுக்குள்ள பண்ண முடியாது. ஏப்ரல் மே லீவுக்கு எல்லாரும் ஒரே நேரத்துல அலைவாங்க, சென்னைல ஸ்லாட் கிடைக்காது, அதனால ஜனவரியிலயே பாத்துடுங்க. ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12 வயசுக்குள்ள 45 யூரோ, 6 வயசுக்கு கீழ ஃபீஸ் கிடையாது, விசா சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. 12 வயசுக்கு கீழ கைரேகை எடுக்க மாட்டாங்க. ஃபார்ம்ல குழந்தைக்காக கையெழுத்து போட வேண்டியது அப்பா அம்மா தான், நீங்க போட்டா செல்லாது, அதனால முடிஞ்சா அன்னைக்கு அவங்களையும் கூடவே கூட்டிட்டு போங்க. அப்பா அம்மாவோட பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன், ஸ்கூல்ல இருந்து போனஃபைட், ஸ்கூல் நாள்ல போறீங்கன்னா லீவ் லெட்டர். இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் இருக்கணும், குழந்தை பேர்ல தனியா சர்டிஃபிகேட் வாங்குங்க, வீசிங் மாதிரி ஏற்கனவே ஏதாவது இருந்தா மறைக்காம சொல்லி அதுக்கு கவர் உண்டான்னு கேளுங்க.

ஏர்போர்ட்ல குழந்தை கிட்டயே கேள்வி கேப்பாங்க, அது சென்னைலயும் நடக்கலாம் அங்க எறங்கினதும் நடக்கலாம். இவங்க யாரு, அம்மா எங்கன்னு கேட்டா உள்ளத உள்ளபடி "இவங்க என் சித்தி, அம்மா சென்னைல இருக்காங்க"ன்னு சொல்லணும், அத முன்னாடியே ரெண்டு மூணு தடவ இங்கிலீஷ்ல சொல்லி பழக்கிடுங்க. வேலை சீக்கிரம் முடியட்டும்னு அம்மான்னு சொல்ல வைக்கவே கூடாது. குழந்தைங்கள கடத்துறத தடுக்கத்தான் அவங்க கேக்குறாங்க, அது நம்ம குழந்தைக்கும் சேத்து தான், அதனால எரிச்சல் படாம பொறுமையா நின்னு லெட்டர காட்டுங்க. லெட்டர் செக்கின் லக்கேஜ்ல போகவே கூடாது, கைப்பைல இருக்கணும். 2025 அக்டோபர் 12ல இருந்து ஷெங்கன் பார்டர்ல புது என்ட்ரி எக்ஸிட் சிஸ்டம் ஆரம்பிச்சிருக்காங்க, முகத்தை போட்டோ எடுப்பாங்க, கைரேகை வைக்கணும், 12 வயசுக்கு கீழ போட்டோ மட்டும் தான். வரிசை நீளமா இருக்கும், அதனால எறங்கின உடனே ட்ரெயின் புடிக்கிற மாதிரி ப்ளான் போடாதீங்க, குழந்தை ஏற்கனவே அசந்து போயிருக்கும்.

ரூம் புக் பண்ணும்போது குழந்தையோட வயச மறைக்காம போடுங்க, பாரிஸ் ரூமெல்லாம் ரொம்ப சின்னது, எக்ஸ்ட்ரா பெட் போட இடமே இருக்காது. ஸ்விஸ்ல ஒரு விஷயம் எல்லாரும் தப்பா புரிஞ்சிக்கிறாங்க. ட்ரெயின், பஸ், போட்டுக்கெல்லாம் சேத்து ஒரே டிக்கெட்டா இருக்குற ஸ்விஸ் ட்ராவல் பாஸ் வாங்கினா 6ல இருந்து 15 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கு ஃபேமிலி கார்டுல ஃப்ரீன்னு சொல்லுவாங்க, ஆனா அது அப்பா இல்லன்னா அம்மா கூட வந்தா தான். சித்தி, மாமா, அத்தை கூட போற குழந்தைக்கு அது கிடையாது, பாதி விலைக்கு குழந்தை பாஸ் வாங்கணும், பட்ஜெட்ல அத சேத்துக்கோங்க. பாரிஸ் மெட்ரோல 10 வயசு ஆயிட்டா முழு டிக்கெட். லூவர் மியூசியம் 18 வயசுக்கு கீழ ஃப்ரீ, வயசுக்கு ப்ரூஃப் கைல இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை லீவு.

மருந்து விஷயத்துல உங்க கைவைத்தியம், உங்க பையனுக்கு குடுக்குற சிரப் எதுவும் வேணாம். குழந்தைய வழக்கமா பாக்குற டாக்டர் கிட்ட அக்காவையே போக சொல்லி, ஜுரம், வாந்தி, வயித்துப்போக்கு, அலர்ஜிக்கு எடைக்கு தகுந்த டோஸோட ப்ரிஸ்கிரிப்ஷன் வாங்கி, அதே மருந்த வாங்கிக்கோங்க. எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒரு அட்டைல இங்கிலீஷ்ல எழுதி பாஸ்போர்ட்டோட வைங்க. பொண்ணுக்கு 10, 11 வயசு ஆச்சுன்னா சானிட்டரி பேட் ரெண்டு பாக்கெட் எடுத்துக்கோங்க, முதல் தடவ பீரியட்ஸ் அங்க வந்துட்டா என்ன பண்ணணும்னு அக்கா கிட்டயும் பேசி, அந்த பொண்ணு கிட்டயும் பேசி வைங்க. வீட்ல சடங்கு சம்பிரதாயம்னு அவங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கும், ஆனா அந்த நிமிஷம் அவளுக்கு வேண்டியது பயப்படாம உங்க கிட்ட வந்து சொல்ற தைரியம்.

சாப்பாடு எடுத்துட்டு போறதுல கவனம். பால், இறைச்சி சேந்த பொருள் எதையும் வெளிநாட்டுல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு போகக்கூடாது, அதனால பாட்டி பாசமா குடுத்து விடுற பால்கோவா, நெய் டப்பா வேணாம். பச்சை கறிவேப்பிலையும் வேணாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, ஒரு சின்ன குக்கர் போதும், தொக்கு ஊறுகாய எல்லாம் செக்கின்ல போடுங்க, கைப்பைல 100 மில்லிக்கு மேல விட மாட்டாங்க. பாரிஸ்ல இட்லி தோசை ஏங்கினா கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்துல லா ஷாப்பெல் போங்க, இலங்கைத் தமிழர் கடைங்க வரிசையா இருக்கும், தமிழ்லயே பேசலாம், பக்கத்துலயே மாணிக்க விநாயகர் கோயிலும் இருக்கு. வீட்டு ஞாபகத்துல சோர்ந்து போன குழந்தைக்கு ஒரு தோசையும் நாலு தமிழ் வார்த்தையும் பெரிய தெம்பு.

அங்க போனதும் முதல் ரெண்டு மூணு நாள் விடிகாலை 3 மணிக்கு குழந்தை முழிச்சிக்கும், ஏன்னா நம்ம ஊர்ல அப்ப காலைல ஆறரை. மே மாசத்துல பாரிஸ்ல ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சமா இருக்கும், தூங்குன்னா தூங்காது. திரைய நல்லா இழுத்து மூடுங்க, முதல் நாள் பூங்கா மட்டும் வச்சிக்கோங்க.

தொலஞ்சு போனா என்ன பண்ணணும்னு முதல் நாளே ரூம்லயே சொல்லிக் குடுத்துடுங்க. மெட்ரோல கதவு டக்குனு மூடிடும், நீங்க ப்ளாட்ஃபார்ம்ல அவ உள்ளயோ, இல்ல நீங்க உள்ள அவ வெளியவோ ஆகிடலாம். ரூல் இது தான்: நீ உள்ள மாட்டிக்கிட்டா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி அதே ப்ளாட்ஃபார்ம்ல நில்லு, சித்தி அடுத்த ட்ரெயின்ல வருவேன். நீ வெளிய நின்னுட்டா அங்கயே நில்லு, நான் திரும்பி வருவேன். இத அவளையே திருப்பி சொல்ல வைங்க, சரியா சொல்ற வரைக்கும் விடாதீங்க. உங்க நம்பர நாட்டு கோடோட, ஹோட்டல் பேரோட ஒரு சீட்டுல எழுதி ஜாக்கெட் உள்பாக்கெட்ல வைங்க, கழுத்துல தொங்கவிட்டு ஊருக்கே காட்ட வேணாம். காலைல கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, அன்னைக்கு என்ன டிரெஸ் போட்டிருந்தான்னு பதட்டத்துல ஞாபகம் வராது. எமர்ஜென்சிக்கு 112, ஸ்விஸ்லயும் அதே நம்பர் தான்.

ஸ்விஸ்ல பனிமலை மேல இருக்குற யுங்ஃப்ராயோக் மாதிரி இடம் 3,454 மீட்டர் உயரம், சளி புடிச்சிருந்தாலோ வீசிங் இருந்தாலோ அந்த டிக்கெட் போனா போகட்டும்னு விட்டுடுங்க. நீங்க காசு குடுத்து வந்திருக்கீங்க, எனக்கு புரியுது, ஆனா மேல போய் அவளுக்கு மூச்சு வாங்கினா அந்த பனியப் பாத்து யாருக்கு சந்தோஷம்.

வீட்டுக்கு ஃபோன் பண்றத காலைல வச்சிக்கோங்க. ராத்திரி தூங்கப் போற நேரத்துல அம்மா குரல கேட்டா தான் அழுகை வரும், காலைல பேசினா பேசிட்டு விளையாட ஓடிடும். அக்காவுக்கும் சொல்லி வைங்க, ஃபோன்ல அவங்க அழக்கூடாது. கீழ விழுந்து முட்டி தேஞ்சாலும், லேசா ஜுரம் வந்தாலும் அன்னைக்கே நீங்களே சொல்லிடுங்க, குழந்தை வாயால அவங்களுக்கு தெரிய வரக்கூடாது, அப்படி ஒரு தடவ ஆனா அடுத்து நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க. மருந்து குடுத்தா எத்தனை மணிக்கு எவ்வளவு குடுத்தீங்கன்னு அப்பவே வாட்ஸப்ல போட்டுடுங்க. ஊருக்கு வந்ததும் பாஸ்போர்ட், மிச்ச மருந்து, இன்சூரன்ஸ் பேப்பர், செலவு கணக்கு எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு அக்கா கைல குடுத்துடுங்க.