ஆத்தோர ஊரை ஆயில் கலர்ல வரையணுமா? சிஸ்லியைப் புடிங்க

இம்ப்ரஷனிஸ்ட்னு (மாறுற வெளிச்சத்தை அப்படியே புடிச்சு வரைஞ்ச 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு பாணி ஓவியர்கள்) சொன்னாலே எல்லாரும் அதுல பிரபலமான மோனேகிட்டதான் ஓடுறாங்க, ஆனா ஆத்தங்கரை ஊரை வரையப் பழகணும்னா என்னைக் கேட்டா ஆல்ஃப்ரெட் சிஸ்லிதான் சரியான வாத்தியார். பாரிஸுக்குத் தென்கிழக்கே லுவான் ஆத்தோரம் மொரேன்னு ஒரு சின்ன ஊர் இருக்கு, கல்லுப்பாலம், மில்லு, பாப்ளர் மரம், பின்னாடி சர்ச், அவ்வளவுதான். 1889ல அங்க குடியேறி 1899ல சாகுற வரைக்கும் மனுஷன் இதையே வேற வேற வெளிச்சத்துல திருப்பித் திருப்பி வரைஞ்சிருக்கார். அந்தப் பாலம் படத்துல ஒண்ணைப் பெரிய சைஸ்ல நெட்ல எடுத்து வச்சுக்கிட்டு உக்காருங்க.

சாமான் ரொம்ப வேணாம். 12க்கு 16 இன்ச் கேன்வாஸ், பன்னி முடியில செஞ்ச தட்டை பிரஷ் (ஹாக் ஹேர் ஃப்ளாட்) மூணு (4, 6, 8 நம்பர்), டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), காட்மியம் ரெட், அலிசரின் கிரிம்சன் (கருஞ்சிவப்பு), அல்ட்ராமரைன் (நீலம்), விரிடியன் (பச்சை). கருப்பு டியூப் வாங்காதீங்க, அல்ட்ராமரைனும் அலிசரினும் துளி விரிடியனும் சேர்த்தாலே நல்ல இருட்டு கிடைக்கும். வெள்ளை கேன்வாஸ்ல நேரா ஆரம்பிச்சா வைக்கிற கலர் எல்லாம் இருட்டாத் தெரிஞ்சு ஏமாத்தும், அதனால முன்னாடியே அக்ரிலிக்ல லேசான சாம்பல் பூசி காய வச்சிடுங்க.

பென்சில் வேணாம். அல்ட்ராமரைனை டர்பென்டைன்ல தண்ணியாக் கரைச்சு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வானம், ஊர், மரம், பாலம், தண்ணின்னு அஞ்சாறு பெரிய துண்டா மட்டும் பிரிங்க. ஜன்னலை எண்ண ஆரம்பிச்சீங்கன்னா படம் அங்கயே செத்துடும்.

முதல்ல வானம். சிஸ்லியும் அப்படித்தான் ஆரம்பிப்பாராம், காரணமும் இருக்கு, வானத்தோட கலர்தான் தண்ணிக்கு வரப்போகுது. அடுத்து ஊர். வெயில் படுற சுவருக்கு வெள்ளையில ஆக்கரும் கொஞ்சம் ரெட்டும், நிழல் சுவருக்கு நீலமும் ஊதாவும். பிரஷ்ல கலரை நிறைய எடுத்து ஒரு தடவை வச்சுட்டு கையை எடுத்துடுங்க, அதை மேலயும் கீழயும் தேய்ச்சுக் கலந்தா எல்லாம் சேறாயிடும், பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு கலரைச் சேர்க்கிற வேலையை தள்ளி நின்னு பாக்கறவங்க கண்ணு பாத்துக்கும்.

இப்ப தண்ணி, முக்கால்வாசி பேர் கோட்டை விடுற இடம். தண்ணின்னா நீலம்னு ட்யூபைப் பிதுக்காதீங்க. மேல வெளிச்சமா இருக்கிற சுவர் தண்ணிக்குள்ள கொஞ்சம் மங்கலா விழும், இருட்டா இருக்கிற மரம் கொஞ்சம் வெளுத்து விழும், அதாவது ரெண்டும் நடுவாந்திரத்துக்கு வரும். தண்ணியில விழுற பிம்பத்தை அந்தந்தப் பொருளுக்கு நேர் கீழ செங்குத்தா இழுங்க, அப்புறம் அங்கங்க மட்டும் வானத்துக் கலரால படுக்கையா சின்னச் சின்னக் கோடு போட்டு உடைங்க, அப்பதான் அது ஓடுற ஆறு. பாலத்து வளைவைப் பாக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க, மேல தெரியுறதைவிட தண்ணியில வளைவோட அடிப்பக்கம் அதிகமாத் தெரியும், அதனால மேல இருக்கிறதை அப்படியே கவுத்துப் போட்டா தப்பாயிடும். நமக்குக் கிட்ட வர வர பிம்பம் குறைஞ்சு தண்ணிக்குள்ள இருக்கிற பச்சையும் பழுப்பும் எட்டிப் பாக்கும்.

வெயில்ல மின்னுற இடத்துக்கான கெட்டி வெள்ளையைக் கடைசி வரைக்கும் தொடாதீங்க, ஏழெட்டு புள்ளி போதும். ஆளுங்க வேணும்னா ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு தீத்தல், மூஞ்சி எல்லாம் வேணாம்.

நேர்ல ஆத்தோரம் உக்காந்து வரையறதா இருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிங்க, அதுக்கு மேல நிழல் எல்லாம் இடம் மாறியிருக்கும். மிச்சம் இருந்தா மறுநாள் அதே நேரத்துக்குப் போங்க. வார்னிஷுக்கு அவசரமே வேணாம், கெட்டியா வச்ச கலர் உள்ள காய ஆறு மாசம்கூட ஆகும். லின்சீட் ஆயில் (ஆயில் கலர்ல இருக்கிற ஆளி விதை எண்ணெய்) பட்ட துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாவே சூடாகித் தீப்பிடிக்கும், வெளிய விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறம் குப்பையில போடுங்க.