மேய்ச்சல் கோழிக்குக் காவல் நாய்: குட்டியிலிருந்தே பழக்குவது எப்படி

வடசென்னை மணலி புதுநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலியிடம், அதைத் தாண்டினால் சீமைக்கருவேலம் புதர், அப்புறம் கொசஸ்தலை ஆறு. நாட்டுக்கோழி தானாக மேய்ந்து வளர அருமையான இடம். ஆனால் கீரியும் மரநாயும் அதே புதரில்தான் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் அடையிலிருந்து இறங்கிய 11 குஞ்சுகளில் பத்தே நாளில் மூன்றுதான் மிஞ்சின. தாய்க்கோழி அந்த மூன்றையும் இறக்கைக்குள் வைத்துக்கொண்டு, இரைக்குக்கூட எழுந்து வராமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் நாய் வளர்ப்பது என்று முடிவு செய்தேன். இப்போது நாலு வருடமாக பொம்மி காவல் இருக்கிறாள். அவளைப் பழக்கியபோது தெரிந்துகொண்டதை, நான் செய்த தவறையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கோழியை எது பிடிக்கிறது என்று பாருங்கள். பட்டப்பகலில் கழுத்தில் கடிபட்டுக் கோழி கிடந்தால் பெரும்பாலும் கீரி. இரவில் கூரை வழியாக இறங்கி அடிப்பது மரநாய். தடயமே இல்லாமல் பகலில் குஞ்சு காணாமல் போனால் பருந்து, வைரி, இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பூனை. கூண்டுக்கு அடியில் மண் பறித்திருந்தால் பெருச்சாளி. முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு. நாலைந்து கோழி செத்து, எதையும் தின்னாமல், இறகு மட்டும் எங்கும் சிதறிக் கிடந்தால் அது தெருநாய்க் கூட்டம். இதில் கீரி, மரநாய், பூனை, தெருநாய்க்குத்தான் காவல் நாய் நன்றாக உதவும். பெருச்சாளிக்கும் பாம்புக்கும் கூண்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

காவல் நாய் என்று தேடினால் கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட், மரேம்மா என்று படங்கள் வரும். ஆட்டு மந்தையைக் காக்கவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனங்கள் அவை. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் பக்கம் மிடில் ஐலண்ட் என்று ஒரு சின்னத் தீவு. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய் அங்கிருந்த ‘லிட்டில் பென்குயின்’ என்ற சின்ன இனப் பென்குயின்களைக் கொன்று, 2005இல் பத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. 2006இல் மரேம்மா நாய்களைக் காவலுக்கு விட்ட பிறகு பென்குயின்கள் மறுபடி பெருகின. அந்த யோசனையைக் கொடுத்தவர் ஒரு கோழிப் பண்ணைக்காரர், தன் மேய்ச்சல் கோழிகளை நரியிடமிருந்து அதே இன நாயை வைத்துக் காப்பாற்றி வந்தவர். கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு அடர்ந்த முடியுள்ள நாயை வடசென்னையின் மே மாத வெயிலில், திறந்த வெளியில் காவலுக்கு நிறுத்துவது பாவம். செய்யாதீர்கள்.

நம் ஊர் இனம்தானே என்று சிப்பிப்பாறையோ கன்னியோ ராஜபாளையமோ வாங்கவும் அவசரப்பட வேண்டாம். அவை வேட்டைக்கு வளர்த்தவை. ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்திலேயே இருக்கிறது, ஒரு கோழி சிறகடித்து ஓடினால் போதும். நான் சொல்வது தெருவில் பிறந்த சாதாரண நாட்டு நாய்க் குட்டி. வெயில் தாங்கும், ஒரே ஒரு சத்தத்துக்கு எழுந்துவிடும். ஏழெட்டு வாரக் குட்டியாக எடுங்கள், அதற்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எந்தக் குட்டி என்று முடிவு செய்ய, ஒரு கோழியைக் கூடை போட்டு மூடிக் குட்டிகள் நடுவில் வையுங்கள். கூடையைப் பிராண்டிக் குரைக்கிற குட்டி வேண்டாம். வந்து முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறதே, அதுதான் உங்களுடையது.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குட்டியின் படுக்கை கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், நடுவில் கம்பிவலை வைத்து இருக்கட்டும். மூன்றரை மாதம் வரை நாய்க்குட்டி எதோடு பழகுகிறதோ அதைத் தன் கூட்டமாக நினைக்கும், அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காது. காலையும் மாலையும் கால் மணி நேரம் கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவே உட்கார வையுங்கள். முதலில் பெரிய கோழிகளோடு மட்டும், குஞ்சுகள் பக்கமே வேண்டாம். துணிச்சலான பெட்டைக்கோழி மூக்கில் ஒரு கொத்து கொத்தினால் குட்டி தானாகவே மரியாதை கற்றுக்கொள்ளும். கொத்து குட்டியின் கண்ணில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டி கோழியை உற்றுப் பார்த்து உடம்பை விறைத்தால் “வேண்டாம்” என்று ஒரே வார்த்தை, முகத்தைத் திருப்பினால் உடனே தடவிக்கொடுத்து ஒரு துண்டு தீனி. வீட்டில் எல்லாரும் அதே வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைதான் பெரிய சோதனை. உடம்பு வளர்ந்துவிடும், புத்தி இன்னும் குட்டியாகவே இருக்கும். ஏழு மாதத்தில் பொம்மி நன்றாகப் பழகிவிட்டாள் என்று நம்பி, ஒரு மணி நேரம் அவளைக் கோழிகளோடு தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு விடைக்கோழி செத்துக் கிடந்தது. பல் பட்ட காயம் எதுவும் இல்லை, இறகெல்லாம் எச்சில். விளையாட்டாகக் கவ்விக் கவ்வியே கொன்றிருக்கிறாள். தவறு என்னுடையது. மறுபடி இரண்டு மாதம் கயிற்றிலேயே வைத்தேன். இந்த வயதில் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது நாய் வலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள், அதைச் செய்யவே கூடாது. எதற்காகத் தண்டனை என்று அதற்குப் புரியாது, உங்களைப் பார்த்துப் பயப்பட மட்டும் கற்றுக்கொள்ளும். இரண்டு வயதை நெருங்கும்போதுதான் முழுதாக நம்பலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். நாயின் தட்டைக் கோழி எட்டாத இடத்தில் வையுங்கள், சோறு தின்னும்போது கோழி வந்து கொத்தினால் எவ்வளவு சாதுவான நாயும் வெடுக்கென்று கடிக்கும். கோழிக்கடைக் குடலையும் தலையையும் பச்சையாகப் போடாதீர்கள், வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோயின் கிருமி உங்கள் கூண்டுக்கே வந்து சேரும். வேகவைத்த கோழி எலும்பு குத்தூசி மாதிரி உடையும், அதுவும் வேண்டாம். முட்டையைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், ஒருமுறை ருசி கண்டால் நிறுத்துவது கஷ்டம். செத்த கோழியை நாய் பார்க்கும் முன் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு நாயால் ஐந்து தெருநாயைச் சமாளிக்க முடியாது. காவல் நாய் சண்டை போடுவதற்கு அல்ல, அதன் வாடையும் குரைப்பும் இருக்கிறது என்று மற்றவை தெரிந்துகொண்டு விலகிப் போவதற்கு. அதனால் ஐந்தடிக்குக் குறையாத வேலி வேண்டும், அடிப்பகுதியை ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். பெண் நாய் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பருவ நேரத்தில் தெருவில் உள்ள ஆண் நாய் அத்தனையும் உங்கள் வேலியில் நிற்கும். வானத்திலிருந்து வருவதற்கு, குஞ்சுகள் மேயும் இடத்துக்கு மேல் காசிமேட்டில் கிடைக்கும் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுங்கள். தொய்வாக விட்டால் பறவைகள் சிக்கிச் சாகும், விறைப்பாக இருக்கட்டும். கீரிக்கும் மரநாய்க்கும் விஷம் வைப்பது, பொறி வைப்பது எதுவும் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்த விஷத்தைத் தின்று முதலில் சாவதும் உங்கள் நாயாகத்தான் இருக்கும்.

மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, பிறகு வருடா வருடம். இது கட்டாயம், ஏனென்றால் கீரி, தெருநாய் இரண்டோடும் மல்லுக்கு நிற்கப்போவது இந்த நாய்தான். பார்வோ (குட்டிகளைத் தாக்கும் வயிற்றுப்போக்கு நோய்) உள்ளிட்ட ஊசிகளை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், பூச்சி மருந்தும் மறக்காதீர்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் முடியாததற்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் நாய்க்கு உரிமம் எடுத்தாக வேண்டும்.

தீபாவளி இரவிலும் புயல் எச்சரிக்கை வந்த இரவிலும் நாயை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள், வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால் லாரி ரோட்டில்தான் போய் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது கோழிகளை மாடிக்கு ஏற்றி, பொம்மியையும் படிக்கட்டில் படுக்க வைத்தோம். மற்ற நாட்களில் பொழுது சாயும்போது கோழிகள் கூண்டுக்குள் ஏறுவதை நானே எண்ணிக் கதவைப் பூட்டுகிறேன், நாய் இருந்தாலும் சரி. எண்ணிக்கை குறைந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு புதர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.