பட்டு எறும்புண்ணியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுயிர்க் குறிப்புகள் எழுதப் பழகும் இளைஞர்கள் சிலர் தங்கள் கட்டுரைகளை அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். சென்ற மாதம் வந்தவற்றில் மூன்று, ஒரே விலங்கைப் பற்றியவை: பட்டு எறும்புண்ணி. தெற்கு மெக்சிகோ தொடங்கி பொலிவியா, பிரேசில் வரை மழைக்காட்டு மரங்களில் வாழ்வது. எறும்புண்ணிகளிலேயே மிகச் சிறியது. பதினைந்து வருடங்களுக்கு முன் நான் செய்த அதே பிழைகள் மூன்றிலும் இருந்தன. எழுத்துப்பிழை, கிராமைக் கிலோவாக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இன்னொரு முறை படித்தால் அவை தாமே கண்ணில் படும்.

பெயர்

நம் ஊரில் எறும்புத்தின்னி என்றால் அழுங்கு. செதில் போர்த்திய அந்த விலங்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. எறும்புண்ணி என்றே எழுதுங்கள்.

நீளம் வாலைச் சேர்த்ததா?

"45 சென்டிமீட்டர் நீளமுள்ளது" என்று எழுதினால், படிப்பவர் மனதில் ஒரு முழுப் பூனை வந்து உட்காரும். 36 முதல் 45 சென்டிமீட்டர் என்பது மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை உள்ள அளவு. அதில் ஏறக்குறைய பாதி வால்தான். நான் இப்படிச் சொல்லிக்கொடுப்பேன்: உடல் ஒரு சாண், வால் ஒரு சாண். எடை 175 முதல் 400 கிராம். பகலில் கிளையைப் பற்றிக்கொண்டு சுருண்டு தூங்கும்போது இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் ஒரு பஞ்சுருண்டை.

பஞ்சு என்று சும்மா சொல்லவில்லை. நாம் தலையணைக்குப் பஞ்சு எடுக்கிறோமே, அந்த இலவ மரத்தின் காட்டு உறவுகளில் இது தங்குவதுண்டு. காய் வெடித்துத் தொங்கும் பஞ்சின் பளபளப்பும் இதன் ரோமமும் ஒன்றுபோல் இருப்பதால், பருந்தின் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடும். வாலை அளக்கும்போது அது எதற்கு என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடிப்பக்க நுனியில் ரோமம் இல்லாத அந்த வால், கிளையைச் சுற்றிப் பிடிக்கும் ஐந்தாவது கை.

கூண்டில் இருந்த காலத்தை ஆயுள் என்று எழுதுவது

என்னை இன்றும் உறுத்தும் தவறு இது. மூன்று கட்டுரைகளிலும் ஒரே வாக்கியம்: "பட்டு எறும்புண்ணியின் ஆயுள் 2 ஆண்டுகள்."

நானும் ஒரு சிறுவர் இதழில் அப்படித்தான் எழுதினேன். இதழ் வந்து இரண்டு வாரம் கழித்து ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. எழுதியவர் ஓர் ஆசிரியை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டதை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்: "ஒரு தடவைக்கு ஒரே குட்டி, வயித்துல அஞ்சு மாசம், மொத்த ஆயுசே ரெண்டு வருஷம்னா, இது எப்படி மிஸ் இன்னும் அழியாம இருக்கு?" கடிதத்தின் ஓரத்தில் அந்தப் பெண் பென்சிலால் போட்ட கணக்கும் இருந்தது. வளர்ந்து பருவத்துக்கு வர ஒரு வருடம் என்று வைத்திருந்தாள். மிச்சம் ஒரு வருடம், அதில் இரண்டு குட்டி. அந்த இரண்டும் தாய்க்கும் தந்தைக்கும் ஈடாக நின்றால்தான் எண்ணிக்கை குறையாது. ஒன்றைக் கழுகு தூக்கினாலும் கணக்கு உதைக்கும்.

அவள் கேட்டது சரி. நான்தான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த 2 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். கூண்டில் வைக்கப்பட்ட பட்டு எறும்புண்ணி தாக்குப்பிடித்த அதிகபட்சக் காலம் அது: 2 ஆண்டும் சில மாதமும். கூண்டில் இவை நிலைப்பதில்லை. காட்டில் ஒரு நாளைக்கு 700 முதல் 5,000 எறும்பு வரை உயிரோடு தின்னும் விலங்கு இது. அந்த வயிற்றுக்கு நாம் கலந்து கொடுக்கும் தீனி ஒத்துக்கொள்வது கடினம். இதன் பெரிய உறவான ராட்சத எறும்புண்ணி மாற்றுத் தீனிக்குப் பழகி, விலங்குக்காட்சிச்சாலைகளில் இருபது ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்ந்திருக்கிறது. ஆக, அந்த 2 காட்டுவது நம்மால் அதை எவ்வளவு காலம் காப்பாற்ற முடிந்தது என்பதைத்தான். மேலும், வளர்ந்த விலங்கைப் பிடித்து வந்திருந்தால், அதற்கு முன் காட்டில் வாழ்ந்த காலம் இந்தக் கணக்கில் சேரவே சேராது.

இந்த எண் நம்மை எளிதாக ஏமாற்றக் காரணம், உடம்பு சிறியது என்றால் ஆயுளும் குறைவாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்வது. சைபீரியாவில் 7 கிராம் எடையுள்ள பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டுகள் வாழ்ந்தது பதிவாகியிருக்கிறது. குட்டியின் எண்ணிக்கையைப் பாருங்கள், அது நல்ல துப்பு. நம் வீட்டு அணில் ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு மூன்று குட்டி போடும். வேகமாகப் பெற்று வேகமாகப் போகும் வாழ்க்கை. நாலைந்து மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும் விலங்கின் வாழ்க்கை அந்த ஓட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை.

என் குறிப்பு அதற்குள் ஒரு தொகுப்பு நூலிலும் ஏறிவிட்டது. பள்ளி நூலகங்களுக்குப் போன பிரதிகளைத் திருத்த வழியில்லை. சென்ற மாதம் வந்த மூன்று கட்டுரைகளில் ஒன்றில் இருப்பது என் வாக்கியமேதான், ஒரு கமாகூட மாறாமல்.

"கூண்டில் அதிகபட்சம் 2 ஆண்டுகளும் சில மாதங்களும் வாழ்ந்ததாகப் பதிவு; காட்டில் வாழும் காலத்தை யாரும் முழுமையாகப் பின்தொடர்ந்து அளந்ததில்லை." இப்படி எழுதுங்கள். நீளம் கூடுகிறது என்று இரண்டாம் பாதியை வெட்டாதீர்கள்.

குட்டி எங்கே இருக்கும்?

தாயின் முதுகில் குட்டி சவாரி செய்யும் அந்தப் பிரபலமான படம் ராட்சத எறும்புண்ணியுடையது. அதை இதற்குப் போட்டுவிடுகிறார்கள். இதன் கர்ப்பகாலம் 120 முதல் 150 நாள். குட்டியை மரப்பொந்தில் காய்ந்த இலைகள் பரப்பிய கூட்டில் விட்டுவிட்டு, தாய் இரவில் எறும்பு தேடப் போகும். ஆணும் குட்டியைச் சுமக்கும், பாதி செரித்த எறும்பைக் கக்கி ஊட்டும் என்ற செய்தி நூல்களில் தொடர்ந்து வருகிறது. அதை எழுதலாம், ஆனால் எல்லாத் தந்தையும் தவறாமல் செய்வதுபோல் எழுத வேண்டாம்.

பல்

கிடையாது. "கடிக்கும்" என்று எழுதாதீர்கள். மிரண்டால் பின்னங்காலிலும் வாலிலும் நின்று, முன்னங்கைகளை முகத்தருகே தூக்கி, நீண்ட நகங்களால் வெட்டும்.

ஒரே இனம் என்பது

ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இந்த விலங்கை அண்மைக்காலம் வரை ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். பிரேசிலின் ஃப்ளாவியா மிராண்டா குழுவினர் மரபணுக்களையும் அருங்காட்சியக மண்டையோடுகளையும் ஒப்பிட்டு, 2017 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில் இதை ஏழாகப் பிரித்தார்கள். பழைய நூலிலிருந்து அளவு எடுத்தால் அது எந்த நாட்டு விலங்கின் அளவு என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆணா பெண்ணா

ஆணின் விரைகள் உடலுக்குள்ளேயே இருப்பதால் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கூடவே குட்டி இல்லாத படத்துக்குக் கீழே "தாய் எறும்புண்ணி" என்று போட்டிருந்தால், அடித்துவிடுங்கள்.