சோலாருக்கு முன்னால் கீசரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்தானாலும் ஃபீனிக்ஸானாலும், கரண்ட் செலவு என்று பேச்செடுத்தால் "சோலார் போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சத்தமில்லாமல் கிடக்கிற கீசரை யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் ப்ரீபெய்டு யூனிட்டை அதிகம் தின்பது அதுதான்.

150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 7 யூனிட் ஆகும். 3 கிலோவாட் எலிமென்ட் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அந்த 7 யூனிட்டில் 10 வாட் எல்இடி பல்பு ஒன்று 700 மணி நேரம் எரியும். லைட்டை அணைக்கவில்லை என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம், ஷவரில் அரை மணி நேரம் நிற்கிறவரை விட்டுவிடுகிறோம்!

முதலில் ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளியை வைத்துப் பாருங்கள். 40 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் போகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டருக்கும் குறைவாக விடுகிற ஷவர் தலை வாங்கி மாட்டுங்கள். இந்தச் சின்னச் செலவுதான் சீக்கிரம் திரும்பி வரும். அப்புறம் கீசரின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் சூடு வீணாகிறது. மேலே கீசருக்கான வெப்பக்காப்புப் போர்வை சுற்றி, வெந்நீர்க் குழாய்க்கும் உறை போடலாம். தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று 50-க்குக் கீழே இறக்கினால் தொட்டியில் நுரையீரலைத் தாக்கும் லீஜியனெல்லா கிருமி வளர வழியாகும்.

இன்வெர்ட்டர் பேட்டரி கதை வேறு. லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் பலர் வாங்கினார்கள். இருட்டில் உட்காராமல் இருக்க அது சரி. ஆனால் பேனல் இல்லாமல், நகராட்சிக் கரண்டிலேயே சார்ஜ் செய்தால் செலவு குறையாது, கூடத்தான் செய்யும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் தொலைந்துபோகிறது.

சரி, பேனலே போடுகிறீர்கள் என்றால், நம் வெயில் வடக்கிலிருந்து வருவதை மறக்காதீர்கள். இந்தியாவில் எடுத்த வீடியோவைப் பார்த்துத் தெற்குப் பக்கம் மாட்டினால் போட்ட பணத்தில் ஒரு பகுதி வீண். பகலில் வீட்டில் ஆளே இல்லையென்றால் உற்பத்தியாவதை யார் பயன்படுத்துவது என்றும் யோசியுங்கள். சில ப்ரீபெய்டு மீட்டர்கள் வெளியே திரும்பிப் பாயும் மின்சாரத்தையும் நீங்கள் செலவழித்ததாகவே கழித்துவிடும். அதனால் நகராட்சியில் பதிவு செய்யாமலும், மின்வேலை விதிப்படி நடந்தது என்று காட்டும் சிஓசி சான்றிதழை எலக்ட்ரீஷியனிடம் வாங்காமலும் வேலையை முடித்துவிடாதீர்கள். நாளை தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

பழைய வீடானால் கூரை ஓடு ஆஸ்பெஸ்டாஸா என்று பார்த்துவிடுங்கள். இந்த நாட்டில் அது 2008-இல் தடை செய்யப்பட்டது, ஆனால் பழைய கூரைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதில் ட்ரில் போட்டால் கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. "ரெண்டு ஓட்டைதானே அண்ணா" என்று சொல்கிற ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சோலார் கீசர் வைத்தவர்களும் ஒரு இடத்தில் கோட்டைவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் மின் எலிமென்ட் நாள் முழுக்க ஆனில் கிடக்கும். விடியற்காலையிலேயே கரண்ட் தண்ணீரைச் சூடாக்கிவிட்டால் வெயிலுக்கு என்ன வேலை? டைமர் வைத்து, வெயில் போதாத நாளில் மட்டும் மாலையில் ஓடவிடுங்கள்.

காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற ஹீட் பம்ப், சாதாரண கீசரின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே தண்ணீரைச் சூடாக்கும், ஆனால் விலை அதிகம். நன்றாக ஓடும் கீசரைக் கழற்றிவிட்டு அவசரமாக வாங்க வேண்டியதில்லை. கீசர் வெடித்தால் பழையபடியே புதிதொன்று வைக்கத்தான் இன்ஷூரன்ஸ் பணம் தருவார்கள். மிச்சத்தை நீங்கள் கட்டி ஹீட் பம்பாக மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். வெடித்த அன்று, சீலிங்கிலிருந்து தண்ணீர் கொட்டும்போது, பிளம்பர் கையில் இருப்பதைத்தான் மாட்டிவிட்டுப் போவார்.