நிறைவுக் குறிப்பைக் கடைசி அமர்வுக்கு முன்பே எழுதுங்கள்
மனநல சிகிச்சை முடியும்போது கோப்பில் சேர்க்கும் நிறைவுக் குறிப்பின் வரைவைக் கடைசி அமர்வுக்கு முந்தைய அமர்வு முடிந்ததுமே எழுதிவிடுங்கள். தொடங்கிய தேதி, வந்த காரணம், இலக்குகள் எல்லாம் கோப்பில் இருப்பவைதான். எழுதும்போதுதான் விடுபட்டது தெரியும்; கேட்டு நிரப்ப இன்னும் ஓர் அமர்வு கையில் இருக்கும்.

பெரும்பாலும் விடுபடுவது இறுதி மதிப்பெண். தொடக்கத்தில் பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம்) கொடுத்திருந்தால் கடைசியிலும் அதையே கொடுங்கள். 'நல்ல முன்னேற்றம்' என்பதைவிட '17-லிருந்து 6' என்பது அடுத்துப் பார்ப்பவருக்குச் சட்டென்று புரியும். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியின் பதிலை மட்டும் தனியாகக் குறியுங்கள், கூட்டுத்தொகையில் அது மறைந்துபோகும்.

சொல்லாமல் நின்றுவிட்டவர்களுக்கு இது பொருந்தாது. கடைசியாக வந்த தேதி, அன்றைய ஆபத்து நிலை, தொடர்புகொள்ள முயன்ற தேதிகள் ஆகியவற்றை எழுதுங்கள். நின்ற காரணத்தை ஊகித்து எழுதவே வேண்டாம்.